கல்குடாவின் கோடையும் வண்ணத்துப்பூச்சிகளும்

கல்குடா என்றதும் கேட்போர் உள்ளத்தில் முதலில் எழுவது கடலே. பிறைபோல் வளைந்து கிடக்கும் மணற்கரையையும், நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழங் காட்டாத பாசிக்குடாவின் தெளிந்த நீரையும் நாடியே வெளியூர் மக்கள் அங்குச் செல்கின்றனர். அக்கடலுக்கு முதுகு காட்டி நின்று நிலத்தை நோக்குவோர் மிகச் சிலர். கரைக்கு அப்பால் பற்றைக்காடு. அதற்கும் அப்பால் வாழைச்சேனை வாவியும் வயல்வெளிகளும். மேற்கே தொலைவில் குடும்பிமலையை அடுத்த பெருங்காடு. பாலையும் வீரையும் முதிரையும் விளாவும் வளரும் இந்நிலம் கோடையில் ஒரு நுண்ணிய உலகத்தின் அரங்கமாகின்றது. அவ்வுலகத்து மக்கள் வண்ணத்துப்பூச்சிகள்.

மட்டக்களப்பு நாட்டிற்கு மழை கொணர்வது வாடைக்காற்று. ஐப்பசி முதல் தைவரை பெய்யும் மழையே ஆண்டு மழையின் பெரும்பகுதி. மாசி பங்குனியில் நிலம் ஈரமுடையதாயும் செடிகொடிகள் புதுத் தளிர் உடையனவாயும் விளங்கும். வைகாசி பிறந்தபின் கச்சான் வீசத் தொடங்கும். மலைநாட்டிலே தன் நீரையெல்லாம் சொரிந்துவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே வரும் வெப்பக்காற்று அது. புல் காயும், குளம் வற்றும், இலை உதிரும். பங்குனியிலிருந்து ஆவணி வரை நீளும் இக்காலத்தில் ஒரே பற்றைக்காட்டை வாரந்தோறும் சென்று காண்பவன், ஒரே மேடையில் பல நாடகங்கள் நடைபெறுவதைக் காண்பான்.

இலங்கையில் இதுவரை அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 248. இவற்றை முதன்முதல் விரிவாகத் தொகுத்துரைத்த பெருநூல், பிரெடெரிக் மூர் என்பார் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அந்நூலின் வண்ணப் படங்களுக்கு மூலமாய் அமைந்தவை டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்கள் உயிருள்ள பூச்சிகளையும் புழுக்களையும் பார்த்துத் தீட்டிய ஓவியங்கள். 1924இல் ஓர்மிஸ்டன் என்பாரின் நூல் வந்தது. 1942இல், நில அளவையாளர் நாயகமாய் இருந்த வூட்ஹவுஸ் என்பாரும், கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஹென்றி என்பாரும் சேர்ந்து மற்றொரு நூலை ஆக்கினர். அக்காலத்து ஆராய்ச்சியாளர் கையில் வலையும் ஊசியும் இருந்தன. பூச்சியைப் பிடித்துக் கொன்று, சிறகை விரித்துப் பெட்டியிற் குத்தி வைத்தாலன்றி அதன் இனத்தைத் துணிந்து கூறுதல் அரிதாய் இருந்தது. இன்று அவ்வலையின் இடத்தைப் பெரும்பாலும் புகைப்படக்கருவி பெற்றுவிட்டது. படம் எடுத்த பின்னும் பூச்சி பறந்துபோகின்றது, மறுநாளும் வருகின்றது.

ஆயினும் வண்ணத்துப்பூச்சியைப் படமெடுத்தல் எளிய செயலன்று. வேட்டைக்காரனுக்கு வேண்டிய பொறுமையும், வேட்டைக்காரனிடம் இல்லாத அன்பும் அதற்கு வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் வெயிலிலிருந்தே பெறுகின்றது. ஆதலால் காலை வெயில் பற்றைமேல் விழும் முதல் இரண்டு மணி நேரமே சிறந்த வேளை. அப்போது பூச்சிகள் இலைமேல் அமர்ந்து சிறகை விரித்துக் குளிர்காயும். வெயில் ஏறியபின் அவை ஓரிடத்திலும் தரியா. அணுகுவோன் தாழக் குனிந்து, மெல்ல அடிவைத்துச் செல்லல் வேண்டும். தன் நிழல் பூச்சியின் மேல் விழுந்தால் அது பறந்துவிடும் என்பதை அவன் மறத்தலாகாது. அண்மைப் பொருளைப் பெரிதாய்க் காட்டும் வில்லையில் தெளிவாய்த் தெரியும் ஆழம் மிகக் குறைவு. ஒரு சிறகு துலங்கினால் மற்றது மங்கும். ஆகையால் கருவியைச் சிறகின் தளத்துக்கு நேராகப் பிடித்தல் வேண்டும். கச்சான் வீசும் நாளிலோ செடியே ஆடும். ஒரு வினாடியில் 250இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறுகிய நேரமே ஒளியை உட்புகவிட்டாலன்றிப் படம் கலங்கிப்போகும்.

படத்தினும் பயனுடையது குறிப்பேடு. நாள், நேரம், இடம், வெயிலின் நிலை, பூச்சி அமர்ந்த செடி ஆகியவற்றை எழுதாத படம் அழகிய படமாய் இருக்கலாம். அறிவுக்கு உதவுதல் அரிது.

கோடையின் தொடக்கத்தில் கண்ணிற்படுவது மஞ்சளும் வெள்ளையுமான பூச்சிகளின் பெரும்பயணம். பருவக்காற்று மாறும் காலங்களில், ஆயிரம் ஆயிரமாய், ஒரே திசை நோக்கி, வேலியையும் கூரையையும் கடந்து அவை செல்லும். இவற்றுள் பல கொன்றை, தகரை முதலிய செடிகளில் வளர்ந்த புழுக்களே. இப்பயணம் சிவனொளிபாத மலையில் முடிகின்றது எனச் சிங்கள மக்கள் நம்பியதை எமர்சன் தெனன்ற் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அம்மலைக்குச் சிங்களத்தில் ‘சமனல கந்த’ என்று பெயர். ‘சமனலயா’ என்பது வண்ணத்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிகழும் இப்பயணங்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, வில்லியம்ஸ் என்னும் அறிஞர் 1927இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவருக்கு ஆதாரமாய் இருந்தவை பெரும்பாலும், இந்நாடுகளில் வாழ்ந்த சிலர் தம் வீட்டு முற்றத்திலும் வழியிலும் கண்டதைத் தவறாது எழுதிவைத்த நாட்குறிப்புகளே.

அடுத்து நோக்கத்தக்கது ஒரு மாறுவேடம். கரிய சிறகும், பின்சிறகில் குங்குமப் பொட்டுகளும், செந்நிற உடலும் உடைய பூச்சி ஒன்றுண்டு. ‘கிரிம்சன் ரோஸ்’ என ஆங்கிலத்தில் அதனை அழைப்பர். அதன் புழு ஈச்சுரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றின் இலையை உண்டு வளர்வது. ஆடும் தின்னாத பாளை என்று முன்னோர் பெயரிட்டதே அச்செடியின் நச்சுத்தன்மைக்குச் சான்று. அந்நஞ்சைப் புழு தன் உடலிற் சேர்த்துக்கொள்கின்றது. ஆகவே பறவைகள் அப்பூச்சியைத் தீண்டுவதில்லை. அதனால் அது அச்சமின்றி மெல்லப் பறக்கும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் வேறொரு பூச்சிக்கு அந்நஞ்சு இல்லை. ஆனால் அதன் பெண்களுட் சில, கிரிம்சன் ரோஸின் உருவத்தையே பூண்டு, அதன் மெல்லிய நடையையும் மேற்கொண்டு பறக்கின்றன. வேறு சில பெண்கள் நஞ்சுடைய இன்னோர் இனத்தைப் போல்வன. மற்றவை தம் ஆணையே ஒத்தவை. ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே இவ்வேறுபாடுகள் தோன்றக்கூடும். இதன் காரணத்தை அறிய விரும்பிய பிரையர் என்பார் இலங்கையிலே இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாய் வளர்த்துப் பார்த்தார். பெண்ணின் வேடத்தை ஆணும் தன்னுள் மறைவாய்த் தாங்கி, தன் புதல்வியருக்கு வழங்குகின்றது என்பது 1913இல் வெளிவந்த அவர் ஆய்வின் முடிவு. ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், 2014இல், கிருஷ்ணமேக குந்தே முதலிய அறிஞர்கள் இவ்வேடத்தை ஆளுவது ஒரே மரபணு எனக் கண்டனர். இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு இடமளித்த பூச்சியைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தடியில் நின்றாலே போதும். உடலை நோக்குக: செந்நிறமாயின் மெய்யானது, கருநிறமாயின் வேடம். விரைந்து பறக்கையில் கண்ணை ஏமாற்றும் இவ்வேறுபாட்டைப் படம் ஐயமின்றிக் காட்டிவிடும்.

ஆனி ஆடியில் காடு வறண்டபின் பூச்சிகள் அருகிவிட்டன எனத் தோன்றும். முற்றிலும் அப்படியன்று. புல்லிலும் நெல்லிலும் புழுவாய் வளர்ந்து, அந்தி நேரத்திற் பறக்கும் பழுப்புநிறப் பூச்சியொன்று மாரியில் ஒரு கோலமும் கோடையில் வேறு கோலமும் கொள்ளும். மாரிக்கோலத்தில் அதன் சிறகின் கீழ்ப்புறத்தில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாய் இருக்கும். கோடைக்கோலத்தில் அவை சுருங்கி மறைய, சிறகு முழுவதும் சருகின் நிறமாகும். சருகுமெத்தையில் அமர்ந்துவிட்டால், நின்று பார்ப்பவன் காலடியில் இருந்தும் அவனுக்குப் புலப்படாது. வற்றும் குளத்தின் ஈர மணலில் வேறு சில பூச்சிகள் கூட்டமாய் அமர்ந்து நீர் உறிஞ்சும். அவை பெரும்பாலும் ஆண்கள். அவை நாடுவது வெறும் நீரையன்று. மண்ணிற் கரைந்த உப்பை. அவ்வுப்பின் ஒரு பகுதி பெண்ணின் வழியாய் முட்டைகளையும் சென்றடைகின்றது.

ஒரு கோடை முழுவதும் இவ்வாறு நோக்கியவன் இறுதியில் அறிவது ஒன்று. அவன் பூச்சியைத் தேடிப் புறப்பட்டான். செடியை அறிந்து திரும்பினான். ஒவ்வோர் இனத்தின் புழுவும் சில செடிகளை மட்டுமே உண்ணும். சிலவற்றுக்கு ஏறத்தாழ ஒரே மரந்தான். உலர்வலயக் காட்டில், கரிய சிறகின்மேல் பச்சைப் பொடி தூவி, நீலப் பசுமையான பட்டையிட்டாற்போன்ற அழகிய பூச்சியொன்று உண்டு. ‘பாண்டட் பீகொக்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். அதன் புழு உண்பது முதிரை மரத்தின் இலை. மட்டக்களப்பு மக்களுக்கு முதிரையை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. கதவாயும் கட்டிலாயும் பேழையாயும் அதனை அவர்கள் நன்கு அறிவர். பொன்னிற மினுக்கமுடைய அம்மரம் அதன் அழகினாலேயே வெட்டுண்டது. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய மரங்களின் வரிசையிற் சேர்த்தது. முதிரை வீழ்ந்த இடத்தில் விழும் பச்சைச் சிறகுகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கல்குடா துன்பம் அறியாத நிலமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் காட்டு மரங்களையும் சாய்த்தது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையூர்களை அழித்தது. நெடும்போர் 2009இல் ஓய்ந்தபின் பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் பல எழுந்தன. மக்களுக்குத் தொழில் வேண்டும், வீடு வேண்டும், வருவோர் தங்க இடமும் வேண்டும். இவற்றை மறுப்பார் எவருமிலர். ஆயின் காணி துப்புரவாக்குதல் என்ற பெயரால் பற்றைக்காட்டை வேரோடு களையும்போது மட்டும் சற்றுத் தயங்குதல் நன்று. காற்று சாய்த்த காட்டில் வேரும் விதையும் எஞ்சும். அக்காடு தானே மீண்டு எழும். இயந்திரத்தால் உழுது, புற்றரை பதித்து, வெளிநாட்டுப் பூச்செடி வைத்த நிலத்துக்குத் தேனுண்ண வண்ணத்துப்பூச்சி வரலாம். முட்டையிட அதற்கு அங்கே இலை இராது. விருந்து உண்டு, வீடு இல்லை.

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவுடையதன்று. வேலியோரத்து எருக்கலையை விட்டுவைத்தால் கருமஞ்சட் சிறகுடைய பூச்சி அங்கே முட்டையிடும். அலரிச் செடியின் இலையடியில் வெள்ளிக் குண்டலம்போல் தொங்கும் கூட்டுப்புழுவைச் சிறுவருக்குக் காட்டலாம். வளவின் ஒரு மூலையில் ஈச்சுரமூலிக் கொடியொன்றும், பாடசாலை முற்றத்தில் முதிரைக் கன்றொன்றும் இடம்பெறலாம். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் நசுக்கும் கையைச் சில நாள் பொறுக்கச் செய்யலாம். முட்டை சிறகாக ஏறத்தாழ ஒரு மாதமே செல்லும்; அவ்வளவு காலம் காத்திருக்கும் சிறுவன் பின்னர் எந்தப் பற்றையையும் வெறும் பற்றை என்று சொல்லான்.

கல்குடாவுக்கு அடுத்த கோடையிற் செல்லும் நேயர்கள் காலையிலே கடலாடப் புறப்படுமுன், ஒரு நாழிகை நேரம் எதிர்ப்புறம் திரும்பி நடப்பாராக. கருவி இல்லாவிடினும் குற்றமில்லை. எருக்கலை இலையைப் புரட்டிப் பார்க்கும் கண் இருந்தாற் போதும்.