மறதி என்று நினைத்தோம்
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நான் டாக்டர் இல்லை. எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அத்திம்பேர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கணக்கு எழுதியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகும் ராபர்ட்சன்பேட்டையை விட்டு வரவில்லை. 2006-இல் ஒரு நாள் பால் கணக்கைக் கூட்டத் தெரியாமல் விழித்தார். சந்தியாவந்தனம் பாதியில் நின்றது. "சுரங்கம் போன ஏக்கம், வயசும் ஆயிடுத்து" என்றாள் அக்கா. நாங்களும் அப்படியே நினைத்தோம். இரண்டு மாதத்தில் வலது கால் இழுத்தது.

ஸ்கேனில் மூளையில் கட்டி. ஓரிடத்தில் உடனே ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஐந்தே நாளில் எழுந்து நடந்தார், பேப்பர் படித்தார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பிறகு பெங்களூரில் செய்த பயாப்ஸியில் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆறு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. இரண்டாவது பயாப்ஸியில்தான் லிம்போமா என்று தெரிந்தது.

இது வெள்ளை அணுக்களில் ஒரு வகையில் உண்டாகும் புற்றுநோய். வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும். சிலருக்கு மூளையிலேயே தொடங்கும். அப்போது உடம்பில் வேறெங்கும் இருக்காது, ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டால் இந்த அணுக்கள் கரைந்து, கட்டி ஸ்கேனிலிருந்தே மறையலாம். ஆனால் நோய் போவதில்லை. ஆகவே, ஆபத்தான வீக்கம் இல்லாவிட்டால், பயாப்ஸி முடியும் வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது வழக்கம். நம் நாட்டில் மூளையில் காசநோய்க் கட்டியும் வருவதால், எது என்று உறுதி செய்துகொள்வது மிக அவசியம்.

இதற்கு அறுவை சிகிச்சை முக்கிய வைத்தியம் இல்லை. மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தை அதிக அளவில், ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிரிப்பில் ஏற்றினார்கள். அக்கா மாற்றுத்துணியோடு மாரிகுப்பம் ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தாள். அத்திம்பேர் மேலும் மூன்று வருஷம் இருந்தார். பேத்தியின் ஆண்டு நிறைவில் மொய்க் கணக்கை அவரே கூட்டினார். ஒரு ரூபாய் தப்பவில்லை.

நம்மில் பலருடைய பிள்ளைகள் வெளியூரில். போனில் கேட்டால் "சௌக்கியம்" என்றுதான் சொல்வோம். முதுமை மறதி வருஷக் கணக்கில் மெல்ல வரும். வாரக் கணக்கில் ஒருவர் மாறினால், குணம், பேச்சு, நடை, பார்வை எதுவானாலும், நரம்பியல் டாக்டரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். மூளையில் கட்டி என்றால், "பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டுமா?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஆறு வாரம் போயிற்று.