கதவைத் திறந்து வைத்த மகிழ்ச்சி

யூதர்களின் கூடாரப் பண்டிகையை விவிலியம் படித்தவர்கள் அறிந்திருப்பீர்கள். எபிரேயத்தில் அதற்குச் சுக்கோத் என்று பெயர். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கும். நம் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். உண்ணாநோன்பும் பாவமன்னிப்பு வேண்டுதலுமாகக் கழிகிற யோம் கிப்பூர் முடிந்து ஐந்தே நாளில் இது வந்துவிடுகிறது. அழுது ஓய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தக்கால் நட வேண்டியதுதான்!

இந்தப் பண்டிகையில் மகிழ்ந்திருப்பது ஒரு கட்டளை. லேவியராகமம் ஒரு முறையும் உபாகமம் இரு முறையும் அதை வலியுறுத்துகின்றன. பஸ்கா பண்டிகைக்குக்கூட அப்படி ஒரு கட்டளை இல்லை. மனம் தானாகப் பூரிப்பதல்லவா மகிழ்ச்சி, அதற்கு ஆணை பிறப்பிக்க முடியுமா என்று நமக்குத் தோன்றும். அந்த ஏழு நாளும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் பதில் கொஞ்சம் பிடிபடும்.

இது அறுவடை முடிகிற காலம். தானியம் களஞ்சியத்துக்கு வந்தாயிற்று. திராட்சையும் ஒலிவமும் பிழிந்தாயிற்று. வீடு நிறைந்திருக்கிற அந்த நேரத்தில்தான் வீட்டை விட்டு வெளியே வந்து பந்தலில் குடியிருக்கச் சொல்கிறது சட்டம். பந்தலின் கூரையை மண்ணில் விளைந்து வெட்டியெடுத்த தழையாலோ ஓலையாலோதான் வேய வேண்டும். துணியும் தகரமும் ஆகாது. மரத்தடியில் போட்ட பந்தலும் செல்லாது. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் இரவில் தழையின் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிவது நல்லது. உயரம் இருபது முழத்தைத் தாண்டக் கூடாது. சாப்பாடும் பேச்சும் அங்கேதான். முடிந்தவர்கள் தூங்குவதும் அங்கேயே.

ஏன் இந்த ஏற்பாடு? எகிப்திலிருந்து மீண்ட முன்னோர்கள் பாலைவனத்தில் குடிசைகளில் வாழ்ந்த நினைவு என்கிறது வேதம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடபிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷ்பாம் இன்னும் ஒரு படி போகிறார். விளைச்சல் கைக்கு வந்த வேளையில்தான், எல்லாம் என் உழைப்பு என்று மனிதன் மார்தட்டுவான். நிலமும் வீடும் இல்லாதிருந்த நாளை அப்போதுதான் அவன் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விளக்கம். எனக்குப் பிடித்த விளக்கமும் இதுதான். வறுமையில் பணிவு வருவது பெரிதில்லை. களஞ்சியம் நிறைந்த பிறகு வருமா என்பதுதான் கேள்வி. எல்லாமே மாயை என்று சொல்லும் பிரசங்கியின் நூலை ஐரோப்பிய யூதர்களில் பலர் இந்த வாரத்தில்தான் வாசிக்கிறார்கள். கொண்டாட்டத்துக்கு நடுவே இது பொருந்தாத வாசிப்புப் போலத் தெரியும். ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டால் பொருந்திவிடும்.

இதை உடலை வருத்தும் தவம் என்று எண்ணிவிடாதீர்கள். மழை கொட்டித் தட்டிலிருக்கும் கஞ்சி கெட்டுப்போகும் நிலை வந்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பந்தலில் இருப்பது துன்பமாகிவிட்டால் அங்கே இருக்க வேண்டிய கடமையும் நீங்கிவிடுகிறது.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் இந்த நாட்களின் கோலாகலம் சொல்லி மாளாது. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் நீர் மொண்டு வந்து பலிபீடத்தில் வார்ப்பார்கள். வரப்போகும் மழைக்காலத்தை முன்னிட்ட சடங்கு அது. அந்த ஆண்டின் மழை இந்தப் பண்டிகையில்தான் தீர்மானமாகிறது என்பது நம்பிக்கை. இரவில் ஆலய முற்றத்தில் உயரமான பொன் விளக்குத் தண்டுகள் எரியும். குருமார்களின் கிழிந்த பழைய உடைகளைத் திரித்துத்தான் அவற்றுக்குத் திரி போடுவார்களாம். ஆலய ஊழியர்களான லேவியர்கள் பதினைந்து படிகளில் நின்று யாழும் கைத்தாளமும் இசைப்பார்கள். தீப்பந்தம் ஏந்தி ஆடியவர்கள் சாதாரண இளைஞர்கள் அல்லர், ஊரே மதித்த பக்திமான்கள். ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் என்ற பெரியவர் எட்டுத் தீப்பந்தங்களை வீசி, ஒன்றோடொன்று மோதாமல் பிடிப்பார் என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் சொல்கிறது. கல்விமானுக்கு இது தகுமா என்று அங்கே எவரும் முகம் சுளிக்கவில்லை. யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், தாகமுள்ளவர்களை இயேசு கூவி அழைப்பது இந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான். தண்ணீர் வார்க்கும் இந்தச் சடங்கை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்தால் சுவை கூடும்.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தது. விளக்குத் தண்டுகள் போயின. பந்தல் நிலைத்தது. உபாகமம் சொன்ன விருந்தினர் பட்டியலும் நிலைத்தது. மகன், மகளோடு அது முடியவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, நிலமில்லாத லேவியன், அந்நியன், தகப்பனில்லாத பிள்ளை, விதவை எல்லாரும் சேர்ந்து மகிழ வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞரும் எகிப்தில் மருத்துவராக இருந்தவருமான மைமோனிடிஸ் இதில் கறாரானவர். வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பவன் கட்டளையை நிறைவேற்றவில்லை, வயிற்றை மட்டுமே மகிழ்வித்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

ஒவ்வோர் இரவும் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகியோரைப் பந்தலுக்கு விருந்தினராக அழைப்பது பிற்கால வழக்கம். ஆபிரகாம் வந்து சாப்பிடப் போவதில்லை என்பது அழைக்கிறவருக்கும் தெரியும். அந்த விருந்தினருக்கான பங்கு ஏழைகளுக்கே சேர வேண்டும் என்கிறது யூத மறைஞான நூலான சோஹார்.