பிள்ளை திரையில், நாம் பக்கத்தில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நம்மில் பலர் வயதானவங்களைப் பார்த்துக்கிற வேலைக்குப் போறோம். பிள்ளைங்க வெளிநாட்டில் இருப்பாங்க. தினமும் வீடியோ காலில் பேசுவாங்க, கூடத்தில் கேமராவும் வைத்திருப்பாங்க. கேமரா பார்க்கும், விழுந்தால் தாங்கிப் பிடிக்காது. அதனால் மூணு விஷயம் சொல்றேன்.

ஒன்று. பெரியவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க முடியலைன்னாலோ, பேச்சு குழறினாலோ முதலில் 108. அப்புறம்தான் அமெரிக்காவுக்குப் போன். பக்கவாதத்தில் ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டாகணும். அங்கே நடுராத்திரியா இருக்கும். மகன் எடுக்கட்டும்னு காத்திருந்தால் அந்த நேரம் போயிடும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வைங்க. டாக்டர் அதைக் கேட்பார்.

இரண்டு. பிரஷர், சுகர் அளவைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.

மூன்று. கேமரா எங்கெங்கே இருக்குன்னு வேலைக்குச் சேரும்போதே கேளுங்க. குளிக்க வைக்கிற, துணி மாற்றுகிற இடத்தில் கூடாதுன்னு சொல்லுங்க. அது அவங்க மானம், நம்ம மானமும்தான்.

சரி, நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு? இ-சஞ்சீவனி மூலம் 2020 முதல் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். யாராவது கைவிட்டாலோ, துன்புறுத்தினாலோ 14567க்குப் பேசுங்க, காலை 8 முதல் இரவு 8 வரை. நேரில் காட்ட, கிண்டியில் 2024ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களுக்கு இந்த எண்களைப் போனில் பதிஞ்சு கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க.