கல்லூரிக்கு முன் கட்டவேண்டிய பாவு



1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைக் கொண்டே அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டில், நம் மாணவர்க்கான மேற்கல்வி உதவித்தொகை பிறந்தது. அது நம் உரிமை, கேட்டுப் பெறுவோம்.

ஆயின் அத்தொகை கல்லூரியில் சேர்ந்த பின்னரே கைக்கு வரும். சேரும் நாளில் விடுதிக்கும் நூலுக்கும் பேருந்துக்கும் பணம் ஏது? அன்று கை வெறுமையாயிருந்தால், பட்டு முதலாளியிடம் முன்பணம் பெற்றுப் பிள்ளையைத் தறியில் அமர்த்தும் நிலை வந்துவிடும்.

அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக் காலத்தது. பிள்ளை எட்டாம் வகுப்பில் சேரும் ஜூன் மாதத்தில் தொடங்குங்கள். கல்லூரியில் சேரும் ஜூனில் அது முதிரும். மாதம் 300 ரூபாய், அறுபது மாதங்களில் 18,000 ரூபாய், வட்டி தனி. சாதிச் சான்றிதழையும் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கையும் முன்னரே ஆயத்தம் செய்யுங்கள். வருமானச் சான்றிதழை அவ்வாண்டே புதிதாகப் பெறுங்கள்.

பாவு ஏற்றாத தறியில் ஆரணியில் எவரும் நாடா ஓட்டுவதில்லை. மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் இன்றே பாவு கட்டுவோம்.