கம்பியைப் பிடித்தபடி தொடங்கலாம்



எனக்கு வயது 68. முதன்முறையாக பாலே நடனம் கற்க வருவோருக்குச் சொல்லித் தருகிறேன். என் முழங்கால்கள் இப்போது துள்ளிக் குதிக்க இடம் தருவதில்லை. ஆனால், பாலே குதிப்பதில் தொடங்குவதில்லை. தேர்ந்த கலைஞர்களும் கம்பியைப் பிடித்து, முழங்காலை மடக்கி நிமிர்த்தித்தான் பயிற்சியைத் தொடங்குவார்கள். அதற்கு ‘பிளியே’ என்று பெயர். நாற்காலியிலிருந்து எழ உதவும் தசைகளுக்கு அது நல்ல பயிற்சி.

விழுந்துவிடுவோமோ என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் தளரும். விழும் அபாயம் இன்னும் கூடும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் சமநிலை, தசைவலுப் பயிற்சிகள் செய்யும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்:

• சறுக்காத காலணி அணிந்து, நகராத கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்து நில்லுங்கள்.
• முழங்காலைச் சற்றே மடக்கி, மெல்ல நிமிருங்கள். கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே முழங்கால் மடங்கட்டும்.
• குதிகால்களை உயர்த்துங்கள். இறக்கும்போதும் அவசரம் வேண்டாம்.
• மூச்சை அடக்காதீர்கள்.

வலித்தாலோ தலைசுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். அண்மையில் விழுந்தவர்களும் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கம்பியை விட்டுவிட வேண்டும் என்று என் வகுப்பில் யாரையும் வற்புறுத்துவதில்லை. கால் வலுப்பெற்றால் கைப்பிடி தானே தளரும். இன்றே எழுந்து நில்லுங்கள்.