வட்டமேசையில் விலைபோனவர் யார்?



தேர்தல் நெருங்கும் வேளையில் ஆளுங்கட்சியோடு ஒரே மேசையில் உட்காருகிற எதிர்க்கட்சி, தன்னை நம்பியவர்களை விற்றுவிட்டுத்தான் எழுந்திருக்கும் என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் அடித்துச் சொன்னபோது, இந்த மண்டபத்தில் எழுந்த கரகோஷம் வாசலில் சோடா விற்கிறவரையும் உள்ளே எட்டிப் பார்க்க வைத்தது. கைதட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. தட்டாமல் இருக்க முடியாதபடிதான் அவர் சொன்னார். ஆனால் திருஷ்டாந்தமாக அவர் எடுத்துக்கொண்டது போலந்து தேசத்தில் 1989-ஆம் வருஷம் நடந்த வட்டமேசைப் பேச்சு. கட்சிக்காரருக்காகக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டு இறங்குகிற சாட்சியைப் போன்றது அந்தத் திருஷ்டாந்தம். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

கிதான்ஸ்க் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 1980 ஆகஸ்டு மாதம் ஒரு வேலைநிறுத்தமாகத் தொடங்கி, சாலிடாரிட்டி என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்ட தொழிற்சங்கத்தை, 1981 டிசம்பர் 13-ந் தேதி, பனி மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஆளும் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி டாங்கிகளைத் தெருவில் இறக்கி, ராணுவச் சட்டத்தால் நசுக்கினார். ஆயிரக்கணக்கானோர் காவலில் அடைபட்டார்கள். வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் போலீஸ் சுட்டு 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு ஏழு வருஷத்துக்குள் ஞானோதயம் பிறந்து, அதனால் பேச அழைத்தார்கள் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். இறைச்சிக்கு ரேஷன் சீட்டு, தலைக்குமேல் அந்நியக் கடன், 1988-இல் விலைவாசியை ஏற்றியதும் வசந்தத்தில் ஒரு வேலைநிறுத்தம், ஆகஸ்டில் அதைவிடப் பெரியதாக மற்றொன்று, அதிலும் முன்னணியில் நின்றவர்களில் பலர் 1980-இல் பள்ளிக்கூடத்துப் பையன்களாக இருந்தவர்கள். இவ்வளவும் சேர்ந்த பிறகுதான், அந்த ஆகஸ்டு 31-ந் தேதி, ராணுவச் சட்டத்தைத் தம் கையால் அமல் நடத்திய உள்துறை மந்திரி கிஷ்சாக், சாலிடாரிட்டியின் தலைவரான மின்சாரத் தொழிலாளி லேக் வலேசாவைத் தம் எதிரே உட்கார வைத்தார். நிர்ப்பந்தம் கூட்டிவந்த விருந்தாளி வலேசா. நண்பர் இந்த அம்சத்தை ஏனோ தொடவில்லை.

வந்தவுடன் மேசை கிடைத்துவிட்டதா? மேசை கிடைத்தது, உட்காரத்தான் முடியவில்லை. எட்டொன்பது மீட்டர் குறுக்களவுள்ள அந்த மாபெரும் வட்ட மேசையைத் தச்சர்கள் 1988-ஆம் வருஷம் குளிர்காலம் வருமுன்பே செய்து முடித்துவிட்டார்கள். ஒரு தரப்பார் துப்பினால் மறு தரப்பார்மேல் படாத தூரத்துக்குத்தான் அளவெடுத்தார்கள் என்று வார்சாவில் ஒரு பரிகாசம் உண்டு. அந்த மேசை மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததற்குக் காரணங்களில் ஒன்று, சாலிடாரிட்டியின் ஆலோசகர்களான குரோன், மிச்னிக் என்னும் இரண்டு பேருக்கு அதில் நாற்காலி கிடையாது என்று சர்க்கார் பிடித்த முரண்டு. எங்கள் தரப்பில் யார் பேசுவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது என்று வலேசா பிடித்தது எதிர் முரண்டு. இதற்கிடையில் ஆளுங்கட்சி ஒரு காரியம் செய்தது. அதைச் செய்தவர்களின் புத்திசாலித்தனத்தை இன்றைக்கும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. தன்னுடைய சொந்தத் தொழிற்சங்கத் தலைவர் மியோதோவிச்சோடு வலேசாவை நவம்பர் 30-ந் தேதி தொலைக்காட்சியில் வாதாடவிட்டது! படிப்பில்லாத தொழிலாளி நாட்டுக்கு முன்னால் திக்கித் திணறுவான் என்பது மனக்கணக்கு. திணறியது மியோதோவிச். ஏழு வருஷம் தடைசெய்து வைத்திருந்த முகம், மீசையோடு, ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

1989 ஜனவரியில், சாலிடாரிட்டிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுப்பதா என்று கட்சியின் மத்தியக் கமிட்டி முறைத்துக்கொண்டபோது, ராஜினாமாச் செய்துவிடுவோம் என்று யாருசெல்ஸ்கியும் கிஷ்சாக்கும் மிரட்டித்தான் தங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைத்தார்கள். பிப்ரவரி 6-ந் தேதி பேச்சு தொடங்கியது. குரோனும் மிச்னிக்கும் நாற்காலியில் இருந்தார்கள். ஏப்ரல் 5-ந் தேதி முடிந்தது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நண்பர் படித்துக் காட்டிய புள்ளி சரியானதே. அதை நான் மறைக்கப் போவதில்லை. சேய்ம் என்னும் கீழ்ச்சபையில் 460 ஸ்தானங்கள். அவற்றில் 299, அதாவது நூற்றுக்கு 65, ஆளுங்கட்சிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் தேர்தலுக்கு முன்பே ஒதுக்கப்பட்டன. மற்றவர்கள் சுதந்திரமாகப் போட்டியிடலாம் என்று விட்டது 161. ஓட்டுப் போடுமுன்பே முடிவு எழுதிய தேர்தலுக்குச் சம்மதித்தார்களே, இது விற்பனை இல்லாமல் வேறென்ன என்று நண்பர் கேட்டார். கேட்டவர், அதே காகிதத்தின் அடுத்த பாராவையும் படித்திருக்க வேண்டும். யாருசெல்ஸ்கிக்காக வலிமையுள்ள ஜனாதிபதிப் பதவி ஒன்றை ஆளுங்கட்சி கேட்டது. அதற்கு விலையாக, 100 பேர் கொண்ட செனட் என்ற மேல்சபைக்கு முழுச் சுதந்திரத் தேர்தல் நடத்தலாமே என்று சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர்கூட அல்லர். சர்க்கார் தரப்பில் உட்கார்ந்திருந்த குவாஸ்நியெவ்ஸ்கி என்ற இளைஞர். சிறிய மாகாணமானாலும் பெரிய மாகாணமானாலும் தலா இரண்டு செனட்டர், இரண்டு பெரிய மாகாணங்களுக்கு மட்டும் மூன்று என்று வகுத்தார்கள். கிராமப்புறம் தங்களைக் கைவிடாது என்ற ஆளுங்கட்சியின் நம்பிக்கைதான் அந்தக் கணக்கின் அஸ்திவாரம். எதிர்க்கட்சிக்கு அமைப்பு கட்ட அவகாசம் இருக்கக்கூடாதென்று தேர்தலுக்கு இரண்டே மாதம் கொடுத்தார்கள். வார்சாவில் சாலிடாரிட்டியின் தேர்தல் காரியாலயம் ஒரு காப்பிக் கடையில் நடந்தது. அந்தக் கடையின் பெயருக்கு 'எதிர்பாராதது' என்று அர்த்தம்!

ஜூன் 4-ந் தேதி நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு ஓட்டென்றால், பிடித்த சின்னத்தைத் தேர்ந்தெடுப்பது. அங்கே, வேண்டாத பெயர்களையெல்லாம் கோடிட்டு அடித்துவிட்டு, வேண்டிய பெயரை மட்டும் அடிக்காமல் விடவேண்டும். பல வருஷங்களாக மக்கள் சீட்டை வாங்கி, பார்க்காமலே மடித்துப் பெட்டியில் போட்டுப் பழகியவர்கள். இந்தத் தடவை அவர்கள் பேனாவை எடுத்தார்கள். பிரதமர் ரகோவ்ஸ்கி, உள்துறை மந்திரி கிஷ்சாக் முதலிய 35 பெரிய மனிதர்களின் பெயர் தேசியப் பட்டியல் என்ற தனிச் சீட்டில், எதிராளியே இல்லாமல் அச்சிடப்பட்டிருந்தது. பாதிக்கு மேல் ஓட்டுப் பெற்றால் போதும், ஆயுசுக்கும் தோற்கமுடியாத போட்டி என்று நினைத்திருந்தார்கள். 35 பேரில் 33 பேர் தோற்றார்கள். ஒருவர்கூட எதிர்த்து நிற்காத தேர்தலில் ஒரு பிரதமர் தோற்ற அதிசயத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. பிழைத்த இருவரில் ஒருவருடைய பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தது; ஜனங்கள் சீட்டின் குறுக்கே இழுத்த பெரிய கோடு அந்தப் பெயர்வரை எட்டாமல் போனதால்தான் அவர் தப்பினார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு சுற்றும் முடிந்தபோது, சுதந்திரப் போட்டிக்கு விடப்பட்ட 161 ஸ்தானங்களும் சாலிடாரிட்டிக்கு; செனட்டில் 100-க்கு 99. எஞ்சிய ஒன்றாவது ஆளுங்கட்சிக்குக் கிடைத்ததா என்றால், அதையும் ஒரு பணக்காரச் சுயேச்சை தட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் சாலிடாரிட்டித் தலைவர்களுக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. 33 ஸ்தானங்கள் காலியானதும், முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் தேர்தல் சட்டத்தையே திருத்தி, அந்த ஸ்தானங்களை மறுபடி நிரப்பிக்கொள்ள ஆளுங்கட்சி வழி செய்துகொண்டது. செய்த ஒப்பந்தத்துக்குப் பங்கம் வரக்கூடாது என்று சொல்லிச் சாலிடாரிட்டியும் தலையாட்டியது. ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தின் விதியை மாற்ற, தோற்றவனுக்கு ஜெயித்தவன் கைகொடுத்தான்! அது அநியாயம். முதல் சுற்றில் நூற்றுக்கு 62 பேர் வந்த சாவடிகளுக்கு, ஜூன் 18-ந் தேதி வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். ஜனங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார்கள். ஜூலை 19-ந் தேதி யாருசெல்ஸ்கி தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம் பெற்று ஜனாதிபதியானார். அதற்கு வசதியாகச் சாலிடாரிட்டி உறுப்பினர் சிலர் வேண்டுமென்றே செல்லாத ஓட்டுப் போட்டார்கள். ரகசியப் போலீசின் தஸ்தாவேஜுகள் பின்னால் கட்டுக்கட்டாக எரிக்கப்பட்டதும் உண்மை. மக்தலேங்கா என்ற ஊரில் உள்துறை இலாகாவின் மாளிகையில், புகைப்படக்காரர்களுக்கு அப்பால் நடந்த அந்தரங்கப் பேச்சுகளில் மதுக்கிண்ணமும் நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அங்கே தேசமே பேரம் பேசப்பட்டது என்று கூறுகிறவர்கள் போலந்திலேயே இன்றும் இருக்கிறார்கள். நண்பரின் வாதம் அவர்களிடம் இரவல் வாங்கியது.

அந்த வாதத்தை நான் ஒரு கூட்டல் கணக்கால் மட்டும் சந்திக்கிறேன். நூற்றுக்கு 65 என்ற அந்தக் கோட்டைச் சுவரை யார் கட்டிக்கொண்டார்கள்? ஆளுங்கட்சிக்குச் சொந்தமாக இருந்தது 173 ஸ்தானம்; விவசாயிகள் கட்சிக்கு 76; ஜனநாயகக் கட்சிக்கு 27; மிச்சம் சில கத்தோலிக்கக் குழுக்களுக்கு. நாற்பது வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு தோழமைக் கட்சிகளும், ஜூன் 4-ந் தேதி ஜனங்கள் போட்ட கோட்டைப் பார்த்தபிறகு, ஆகஸ்டு மாதம் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தன. 161-உம் 103-உம் சேர்ந்தால் 264. சபையில் பாதி 230. ஒதுக்கீட்டைத் தானே எழுதி வாங்கிய ஆளுங்கட்சி, அந்த ஒதுக்கீட்டாலேயே சிறுபான்மையாகிவிட்டது. பிரதமராக நியமிக்கப்பட்ட கிஷ்சாக் மந்திரிசபை அமைக்க முடியாமல் விலகிக்கொண்டார். விற்றவர் யார், வாங்கியவர் யார், ஏமாந்தவர் யார் என்று நண்பர் சாவகாசமாக யோசித்து, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லட்டும்.

ஆகஸ்டு 24-ந் தேதி பிரதமரானவர் மசோவியெத்ஸ்கி என்ற பத்திரிகையாசிரியர். ராணுவச் சட்டத்தில் ஒரு வருஷம் காவலில் கிடந்தவர். செப்டம்பர் 12-ந் தேதி தமது மந்திரிசபையின் கொள்கையைச் சபையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பல நாள் உறக்கமில்லாத உடம்பு தாங்காமல் மயக்கம் வந்து, பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பிவந்து, போலந்தின் பொருளாதாரம் இருக்கும் நிலைக்கே நானும் வந்துவிட்டேன், ஆனால் தேறிவிட்டேன் என்ற பொருளில் ஏதோ சொல்ல, சபை முழுவதும் சிரித்தது. விட்ட இடத்திலிருந்து அவர் படிக்கத் தொடங்கினார். அவர் அன்று படித்துக் காட்டிய மந்திரிசபையில், உள்துறை மந்திரி என்ற பெயருக்கு நேரே இருந்தவர், அவரைக் காவலில் வைத்த அதே கிஷ்சாக்.