மனக்கவலைக்கு மது மருந்தாகுமா?

"கடன் தொல்லையால் உறக்கமில்லை, ஆதலின் சிறிது அருந்துகிறோம்" என்பர் நம்மவரிற் சிலர். மது விரைவில் உறக்கம் தருவது மெய்யே. ஆயினும் பின்னிரவில் அதுவே உறக்கத்தைக் கலைக்கும்; விடிந்தபின் படபடப்பை மிகுவிக்கும்; அதைத் தணிக்க மீண்டும் மது வேண்டும்.

1935-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களேயான பில் வில்ஸன் என்பார், வியாபார காரியம் முறிந்து மனம் நொந்தார். மதுச்சாலை புகாமல், தம்மைப்போற் குடியால் அவதியுற்ற டாக்டர் பாப் ஸ்மித்தைத் தேடிச்சென்று உரையாடினார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டம் அதினின்று தோன்றியது. நம் நாட்டிலும் அது நடைபெறுகின்றது.

நாமோ கடனை மனைவியிடமும் மறைக்கிறோம், கௌரவமாம்! மாலையில் உலாவுதல் நன்று; மனம்விட்டுப் பேசுதல் அதனினும் நன்று. நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் மட்டும் வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்தலாகாது. வலிப்புக் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்.